எங்கள் 11 மாவட்டங்களில் எந்த எண் வந்தால் கடை திறக்கலாம்?

மெஸ்காரர், ஈரோடு | 14 ஜூன் 2021, காலை 6:40

கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியதால் இன்று காலை 27 மாவட்டங்களில் டீக்கடை திறந்திருக்கிறது, சலூன் திறந்திருக்கிறது, 10 மணிக்கு டாஸ்மாக்கும் திறந்துவிடும். எங்களுக்கு இல்லை. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, இந்தப் பதினொன்றும் பழையபடியே இருக்க வேண்டும் என்று 11ஆம் தேதி அறிவித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் கோபம் இல்லை. ஈரோட்டில் இன்னும் தினமும் ஆயிரத்துக்கு மேல் தொற்று வருகிறது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் சாவு. என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் போய்விட்டான். திறந்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த எண் வந்தால் திறப்பீர்கள்? தினசரி 500-ஆ, 200-ஆ? நூறு பேருக்குச் சோதனை செய்தால் எத்தனை பேருக்கு இருக்கலாம்? ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலியாக இருக்க வேண்டும்? அதைச் சொல்லிவிட்டால் நானே தினமும் மாலை அறிக்கையைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வேன். இப்போது என்ன நடக்கிறது? வாரக் கடைசியில் டிவி முன்னால் உட்கார்ந்து, நம் மாவட்டத்தின் பெயர் எந்தப் பட்டியலில் வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

என் மெஸ்ஸில் 28 பேர் உட்காரலாம். ஏப்ரல் 26 முதல் உட்கார்ந்து சாப்பிடத் தடை, பார்சல் மட்டும், அதுவும் காலை 6 முதல் 10, பகல் 12 முதல் 3, இரவு 6 முதல் 9. சுற்றியிருக்கும் ஜவுளிக் கடைகளும் லாரி ஆபீஸ்களும் மூடியிருக்கும்போது பார்சல் வாங்க யார் வருவார்கள்? மாஸ்டர் உசிலம்பட்டிக்காரர், மே மாதமே ஊருக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப வரச் சொல்ல வேண்டுமென்றால் முன்பணம் அனுப்ப வேண்டும். எந்தத் தேதிக்கு வரச் சொல்வது? இட்லி மாவு என்றால் காலையில் அரிசி ஊறவைத்து, மதியம் ஆட்டி, ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். நாளை காலை திறக்கலாம் என்று இன்று சாயங்காலம் சொன்னால் என்னால் திறக்கவே முடியாது. டீக்கடைகளுக்கு அப்படித்தான் நடந்தது, நேற்றுச் சொல்லி இன்று திறக்கிறார்கள்.

போன வருடமாவது வங்கிக் கடனுக்கு ஆறு மாதம் தவணை தள்ளிப்போட விட்டார்கள். இந்த வருடம் அதுவும் கிடையாது. குழுக் கடன் வசூலிக்க வாரா வாரம் ஆள் வருகிறார். அவரிடம் நான் எந்தத் தேதியைச் சொல்ல?

பவர்டேபிள், திருப்பூர் | 14 ஜூன், காலை 8:15

அண்ணா சொல்வது அப்படியே எங்களுக்கும் பொருந்தும். எனக்கு 22 மெஷின், பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஏற்றுமதி கம்பெனிகளுக்கு முதலில் சாம்பிள் அனுப்ப மட்டும் 10 சதவீத ஆட்கள் என்றார்கள், இப்போது 25 சதவீதம். கேட்பவர்களுக்குக் கால்வாசி வேலை நடக்கும் போலத் தோன்றும். நடக்காது. ஒரு டிஷர்ட் வெளியே போக வேண்டுமென்றால் தையலுக்கே ஓவர்லாக் வேண்டும், பேட்லாக் வேண்டும், சிங்கர் வேண்டும், கைமடி வேண்டும், அப்புறம் செக்கிங், அயர்ன், பேக்கிங். அதற்கு முன்னால் நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங். நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரைக்கும் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போக வேண்டிய சரக்கு இது. நடுவில் ஒரு கடை மூடியிருந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். எலாஸ்டிக் விற்பவர் கடை திறக்காமல் நான் 25 சதவீத ஆட்களை வரவழைத்து என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையர் தேதியோடுதான் ஆர்டர் கொடுக்கிறான். எப்போது திறப்பீர்கள் என்று கம்பெனிக்காரரைக் கேட்கிறான், அவர் என்னைக் கேட்கிறார், நான் இங்கே கேட்கிறேன். இன்னும் இருபது நாள் மூடல் என்று உறுதியாகச் சொன்னால்கூட அவரால் பையரிடம் பேசி தேதியை நகர்த்த முடியும். ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று நீட்டும்போது பேசவே முடியவில்லை. ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகிறது.

வார்டு சிஸ்டர், சென்னை | 14 ஜூன், இரவு 11:50

டியூட்டி முடிந்து வந்து படித்தேன். இரண்டு பேர் கஷ்டமும் புரிகிறது. ஆனால் நான் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும்.

மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் சென்னையில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஆக்சிஜன் மாட்டி, உள்ளே ஒரு படுக்கை காலியாகும் வரை காத்திருந்தார்கள். அந்தப் படுக்கை எப்படிக் காலியாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது இறக்க வேண்டும். அந்த நாட்களில் இரண்டாவதுதான் அதிகம் நடந்தது போல எனக்குத் தோன்றியது. இப்போது எண்ணிக்கை 12,000 பக்கம் இறங்கியிருக்கிறது என்றால் அது மூடியதால் இறங்கியது.

நீங்கள் தினமும் மாலையில் பார்க்கும் எண் அன்றைய நிலவரம் கிடையாது. இன்று ஒருவருக்குத் தொற்றினால் காய்ச்சல் வர நான்கைந்து நாள் ஆகும், அவர் சோதனைக்குப் போய் முடிவு வர இன்னும் இரண்டு மூன்று நாள், மூச்சு வாங்கி எங்களிடம் வருவது இரண்டாவது வாரத்தில். ஆகவே இன்று திறந்ததன் விளைவு எங்கள் வார்டில் தெரிய இரண்டு வாரமாவது வேண்டும். எண் இறங்கிய மறுநாளே திறக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன் படுக்கை எத்தனை காலி என்பதைத்தான். அதில் பொய் சொல்ல முடியாது.

மெஸ்காரர், ஈரோடு | 15 ஜூன், காலை 5:55

சிஸ்டர், நீங்கள் சொன்ன எண்ணையே வைத்துக்கொள்ளட்டும். இத்தனை சதவீத ஆக்சிஜன் படுக்கை இரண்டு வாரம் தொடர்ந்து காலியாக இருந்தால் ஈரோடு திறக்கும் என்று சொல்லட்டும், நான் இரண்டு வாரம் இல்லை, நான்கு வாரம்கூடக் காத்திருப்பேன். காத்திருக்க நான் தயங்கவில்லை, எதற்காகக் காத்திருக்கிறேன் என்று தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

ஓய்வுபெற்ற தாசில்தார் | 15 ஜூன், காலை 10:30

வருவாய்த் துறையில் 31 வருடம் இருந்தவன். உள்ளே இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

இந்த ஆணைகள் எல்லாம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருபவை. போன வருடம் முதல் சில மாதங்கள் மத்திய உள்துறை சொன்னதுதான் அடித்தளம், மாநிலம் அதைவிடக் கடுமையாக்கலாம், தளர்த்த முடியாது. அப்போது ஒரு விதி வெளிப்படையாக இருந்தது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தார்களே, 21 நாள் புதிய தொற்று இல்லையென்றால் பச்சை. 2020 மே 1 பட்டியலில் தமிழ்நாட்டின் 37 மாவட்டங்களில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு, கிருஷ்ணகிரி ஒன்றுதான் பச்சை. ஈரோடு நினைவிருக்கிறதா? மார்ச் 22 அன்று மத்திய அரசு முதலில் முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களில் நம் மாநிலத்திலிருந்து இருந்தவை சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. அதே ஈரோடு ஏப்ரல் கடைசிக்குள் தொற்றை ஒழுங்காகக் கட்டுப்படுத்தி ஆரஞ்சுக்கு வந்தது. எப்படி வந்தோம் என்று மக்களுக்குப் புரிந்தது, ஏனென்றால் விதி தெரிந்திருந்தது.

இந்த வருடம் முடிவு பெரும்பாலும் மாநிலத்தின் கையில். ஏப்ரல் 29 உள்துறை ஆணையில் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு வாரத்தில் சோதனை செய்தவர்களில் 10 சதவீதத்துக்கு மேல் தொற்று இருந்தாலோ, ஆக்சிஜன் மற்றும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தாலோ அந்த மாவட்டத்தில் கட்டுப்பாடு தேவை என்று. அது மூடுவதற்கான எண். திறப்பதற்கு, சோதனையில் தொற்று 5 சதவீதத்துக்குக் கீழே ஒரு வாரம் இருக்க வேண்டும், எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் இந்த மாதத் தொடக்கத்தில் சொன்னார். ஆக எண்கள் இல்லாமல் இல்லை. மருத்துவர் குழுவோடும் ஆட்சியர்களோடும் பேசும்போது இவைதான் மேசையில் இருக்கும். அறிவிப்பில் மட்டும் வராது.

ஏன் வராது? ஓர் எண்ணை வெளியே சொல்லிவிட்டால், அந்த எண்ணுக்கு வந்தும் திறக்க முடியாத நிலை வரும்போது பதில் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய பயம், எண்ணைச் சொன்ன பிறகு அதைக் கீழே கொண்டுவர ஊருக்கு ஊர் நெருக்கடி கொடுப்பார்கள். சோதனையைக் குறை, முகாமை வேறு பக்கம் போடு என்று. நான் பணியில் இருந்தபோது பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன், சதவீதத்தைச் சொன்ன மறுநாளே எல்லா வயலும் அந்தச் சதவீதத்துக்கு வந்துவிடும்.

இருந்தாலும் மெஸ்காரர் தம்பி கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். பயிர்ச் சேதத்தில் ஏமாற்றினார்கள் என்பதற்காக சதவீதத்தையே ரகசியமாக வைக்கவில்லை அல்லவா?

டீக்கடை அக்கா, பாளையங்கோட்டை | 15 ஜூன், மதியம் 2:20

நேற்று நான் கடை திறந்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, பொறாமைப்படாதீங்க அண்ணாச்சி.

மே 15லிருந்து மூடல். சரியாக ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்ததும் பால்காரரிடம் ஓடினேன், அவர் வழக்கமாகக் கொடுக்கும் 20 லிட்டரை வேறு இடத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார், கெஞ்சி 8 லிட்டர் வாங்கினேன். பார்சல் மட்டும், வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து வாங்க வேண்டும், பிளாஸ்டிக் பை கூடாது, கடைக்குப் பக்கத்தில் நின்று குடிக்கக் கூடாது. எல்லாம் நல்ல விதிதான், யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் என் கடைக்கு வருவது ஆட்டோக்காரர்கள், கொத்தனார், சித்தாள். அவர்கள் தூக்குச்சட்டி கொண்டு வருவார்களா? நேற்று எட்டு லிட்டரில் மூன்று லிட்டர் மிஞ்சியது, தயிருக்கு ஊற்றினேன். நின்று குடிக்காதீங்க என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அவர்கள் எங்கே போய்க் குடிப்பார்கள்? பக்கத்துச் சந்தில் ஐந்து பேராகச் சேர்ந்து குடிக்கிறார்கள்.

இன்றைக்கு ரேஷனில் இரண்டாவது 2,000 ரூபாயும் 14 மளிகைப் பொருளும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அது பெரிய உதவி. அந்தப் பணத்தில் கடை வாடகையில் பாதிதான் கட்ட முடியும் என்றாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

சலூன், நாமக்கல் | 15 ஜூன், இரவு 9:05

நானும் பதினொன்றில் ஒருத்தன். ஏப்ரல் 26லிருந்து கத்தரி எடுக்கவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. எடுத்தேன். வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். பையை ஜவுளிக்கடைப் பையில் மறைத்துக்கொண்டு, போலீஸ் இல்லாத சந்தாகப் பார்த்து. ஒரு நாளைக்கு நான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் காற்று வராத அறை, தாத்தா பாட்டி பக்கத்தில், முகக்கவசம் இருக்காது. என் கடையில் இரண்டு பக்கமும் கதவு, ஒரு நாற்காலிதான், ஆள் போனதும் துடைப்பேன், புதுத் துண்டு போடுவேன். எதில் ஆபத்து அதிகம்? மூடியிருக்கிறது என்று கணக்கில் இருக்கிறது, தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, இன்னும் மோசமான இடத்தில்.

போன வருடம் கிராமத்துச் சலூன்களை மே 19 திறக்க விட்டார்கள், எங்களைப் போல் நகரத்துக்காரர்களை மே 24, சென்னையை ஜூன் 1. சென்னையில் முடி வெட்ட வருகிறவரின் பெயர், முகவரி, ஆதார் எண் வரை எழுதச் சொன்னார்கள். நான்கூட எழுதத் தயார். நோட்டுப் போட்டு எழுதினால் யாருக்காவது தொற்று வந்தால் தேடிப் பிடிக்கலாம். வீடு வீடாகப் போகும்போது எந்த நோட்டு?

வார்டு சிஸ்டர், சென்னை | 16 ஜூன், காலை 7:10

தம்பி, நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. தயவுசெய்து இனிப் போகாதீர்கள், போக வேண்டிவந்தால் வாசலிலோ மொட்டை மாடியிலோ உட்கார வைத்து வெட்டுங்கள், இரண்டு பேரும் முகக்கவசத்தோடு. தடுப்பூசி போட்டுவிட்டீர்களா? உங்களைப் போல் ஒரு நாளைக்குப் பத்து முகத்தின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு முதலில் போட்டிருக்க வேண்டும்.

நான் திங்கள்கிழமை எழுதியதில் கொஞ்சம் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். எங்கே நடக்கிறது, எந்த அறையில் நடக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

பாலக்காட்டான் | 18 ஜூன், மாலை 6:45

மெஸ்காரர் அண்ணன் கேட்டது போல இங்கே நேற்றிலிருந்து எண் சொல்லிவிட்டார்கள். கேரளத்தில் இப்போது மாவட்டமாகப் பிரிப்பதில்லை, ஊராட்சி, நகராட்சி வாரியாகப் பிரிக்கிறார்கள். சோதனையில் தொற்று 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏ, 8 முதல் 20 வரை பி, 20 முதல் 30 வரை சி, 30க்கு மேல் டி. ஏ என்றால் எல்லாக் கடையும் திறக்கலாம், டி என்றால் முழு மூடல். வாரம் ஒரு முறை பார்த்து மாற்றுவார்கள். எனக்கு சிறிய செருப்புக் கடை. எங்கள் ஊராட்சி இப்போது பி. எண் எனக்குத் தெரியும், அது என்ன செய்தால் குறையும் என்றும் தெரியும். ஊர் வாட்ஸப் குழுவில் எல்லாரும் எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காய்ச்சல் வந்தவர் வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரரே கேட்கிறார். முன்பு இப்படி இல்லை.

சிக்கலும் இருக்கிறது. தாசில்தார் ஐயா சொன்னது உண்மை. காய்ச்சல் உள்ளவர்களை மட்டும் சோதித்தால் சதவீதம் ஏறும், நன்றாக இருப்பவர்களையும் வரிசையில் நிற்க வைத்தால் இறங்கும். நேற்று எங்கள் சங்கத்தில் ஒருவர், கடைக்காரர்கள் எல்லாரும் போய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள், நமக்குத்தான் இல்லையே, சதவீதம் இறங்கும் என்றார். அப்புறம் ஊராட்சி எல்லை. எங்கள் பக்கம் பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சி. எதிர்க் கடை மூடல், என் கடை திறப்பு, அங்கிருந்து ஆள் என் கடைக்கு வருகிறார்.

ஓய்வுபெற்ற தாசில்தார் | 18 ஜூன், இரவு 8:00

எல்லை என்பது எங்கே கோடு போட்டாலும் வரும். போன ஜூனில் பேருந்துக்காக மாநிலத்தை 8 மண்டலமாகப் பிரித்தபோதும் மண்டல எல்லையில் இறங்கி நடந்து, அடுத்த பேருந்து ஏறியவர்கள் உண்டு. ஜூலை 1 அன்று பேருந்தை மறுபடி நிறுத்தி, செப்டம்பரில்தான் விட்டார்கள்.

காய்கறி சில்லறை, கோயம்பேடு | 19 ஜூன், அதிகாலை 3:30

மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரம், சுருக்கமாகச் சொல்ல நினைத்தேன், முடியாது போல.

எல்லாரும் எப்போது திறப்பது என்று பேசுகிறீர்கள். நான் இரண்டு வருடமாகப் பார்த்ததில் நோய் பரவியது திறந்த நாளில் இல்லை, மூடப் போகிறோம் என்று சொன்னதற்கும் மூடியதற்கும் நடுவில் இருந்த நாளில். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, சேலம், திருப்பூரில் மூன்று நாள் என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். நடுவில் 25, சனிக்கிழமை, ஒரே நாள். அன்று கோயம்பேட்டில் நான் இருந்தேன். நான்கு நாளைக்கான காய்கறியை சென்னை முழுக்க ஒரே காலையில் வாங்க வந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் மார்க்கெட்டின் பெயர் டிவியில் வராத நாளில்லை. சுமை தூக்குபவர்கள் பயந்து சொந்த ஊருக்குப் போனார்கள், கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று தொற்றும் கூடவே போனது. மே 5 மார்க்கெட்டை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் சேற்றில் மூட்டை. செப்டம்பர் 28 அன்றுதான் காய்கறி மொத்தக் கடைகள் கோயம்பேட்டில் மறுபடி திறந்தன. அந்த ஒரு சனிக்கிழமை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்பும் கூட்டம்தான். ஆனால் அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

இந்த வருடம் என்ன செய்தோம்? மே 24 முதல் மளிகை, காய்கறி எதுவும் கிடையாது, வண்டியில் தெருவுக்கு வரும் என்று 22ஆம் தேதி சொல்லி, 22, 23 இரண்டு நாளும் இரவு 9 வரை எல்லாக் கடையும் திறக்க விட்டார்கள், வெளியூர் பேருந்தும் விட்டார்கள். இரண்டு நாள் கொடுத்தது போன வருடத்தைவிட மேல், ஆனாலும் அதே கூட்டம்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 15இல் கடை நேரத்தை 12 மணியிலிருந்து 10 மணிக்குச் சுருக்கினார்கள். வாங்க வேண்டிய ஆள் குறையவில்லையே. ஆறு மணி நேரத்தில் வந்த அதே ஆட்கள் நான்கு மணி நேரத்தில் வந்தார்கள். நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று யார் சொன்னது என்று எனக்குப் புரியவே இல்லை. ராத்திரி 10 வரை திறந்து வையுங்கள், வேலைக்குப் போகிறவன் சாயங்காலம் வரட்டும், வயசானவர் மதியம் வரட்டும், என் கடையில் ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்க மாட்டார்கள்.

வார்டு சிஸ்டர், சென்னை | 19 ஜூன், மாலை 4:00

இதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மூட வேண்டிவந்தால் ஐந்தாறு நாள் முன்பே சொல்லட்டும், அந்த நாட்களில் நேரத்தை நீட்டட்டும். ஐந்து நாள் தள்ளினால் தொற்று ஏறும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு சனிக்கிழமையில் ஊரையே சந்தையில் அடைப்பதைவிட அது மேல்.

மெஸ்காரர், ஈரோடு | 20 ஜூன், இரவு 7:40

இப்போதுதான் அறிவிப்பு. நாளையிலிருந்து மூன்று வகை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கும் மூன்றாவது வகை, அங்கே பேருந்தும் ஓடும். 23 மாவட்டம் இரண்டாவது. எங்கள் பதினொன்றும் முதல் வகை, பெரிய மாற்றம் இல்லை. இன்று ஞாயிறு இரவு, நாளை திங்கள் காலை அமல். எந்த எண்ணால் நான்கு, எந்த எண்ணால் 23 என்று நான் தேடிப் பார்த்தேன், தொற்று அதிகமாக உள்ளது, குறைந்துள்ளது என்றுதான் இருக்கிறது. மாஸ்டர் போன் செய்தார், வரட்டுமா என்றார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் ஊரில் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். 15 வருடம் பரோட்டா வீசிய கை.

பவர்டேபிள், திருப்பூர் | 21 ஜூன், காலை 9:00

என்னிடம் இருந்த ஒடிசா பையன்கள் ஆறு பேரும் போன வாரம் ரயில் ஏறிவிட்டார்கள். முழுசாகத் திறந்தாலும் இனி அவர்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு மாதம் ஆகும். போன வருடமும் இதேதான்.

சலூன், நாமக்கல் | 28 ஜூன், காலை 11:15

இன்று திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையே சொன்னதால் சனி ஞாயிறில் சுண்ணாம்பு அடித்து, நாற்காலி ரெக்சின் மாற்றினேன். முதல் ஊசியும் போட்டாயிற்று சிஸ்டர். நோட்டு வைத்திருக்கிறேன், யாரும் கேட்காமலேயே பெயரும் போன் நம்பரும் எழுதுகிறேன்.

மெஸ்காரர், ஈரோடு | 6 ஜூலை, இரவு 10:30

நேற்றுத் திறந்தேன். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே விதி, பாதி இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்த முறை 2ஆம் தேதியே, வெள்ளிக்கிழமை, சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று நாள் எனக்கு என்ன செய்தது என்று எழுத வேண்டும். வெள்ளி இரவே மாஸ்டருக்குப் பணம் அனுப்பினேன், பேருந்தும் 5ஆம் தேதிதான் என்பதால் சனிக்கிழமை தெரிந்தவர் வேனில் வந்து சேர்ந்தார். ஞாயிறு காலை அரிசி ஊறப் போட்டேன். கிரைண்டர் பெல்ட் அறுந்திருந்தது, மாற்ற நேரம் இருந்தது. மேசைகளை விலக்கிப் போட்டு, 14 நாற்காலியை மட்டும் வைத்து, ஜன்னல் இரண்டையும் கழற்றிவிட்டேன், காற்று நன்றாக வருகிறது. திங்கள் காலை 6 மணிக்கு முதல் இட்லி வெந்தபோது மாஸ்டர் அழுதுவிட்டார், நானும்தான். நேற்று 60 பேர் சாப்பிட்டார்கள். முன்பு 200.

மூன்று நாள். இதைத்தான் முதலிலிருந்து கேட்டேன். ஜூன் 13, 20 அறிவிப்புகளில் ஒரு நாள்கூட அவகாசம் இல்லை, ஜூன் 25, ஜூலை 2 அறிவிப்புகளில் மூன்று நாள். செய்ய முடிகிறது அல்லவா, அப்படியென்றால் எப்போதும் செய்யலாம். எண் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பாலக்காட்டான் | 21 ஜூலை, காலை 8:20

நான் பெருமையாக எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. எங்கள் எண்களை மாற்றிக்கொண்டே போனார்கள். ஏ, பி, சி எல்லைகள் இப்போது 5, 10, 15. எங்கள் ஊராட்சியில் சதவீதம் உண்மையிலேயே இறங்கியது, 13-க்கு வந்தது. பழைய கணக்கில் நாங்கள் பி, புதிய கணக்கில் சி. அதாவது நாங்கள் ஒழுங்காக இருந்து, கடை வாரத்தில் ஒரே நாளாகக் குறைந்தது. கோழிக்கோட்டில் வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் பக்ரீத்துக்காக 18, 19, 20 மூன்று நாள் தளர்வு, டி பகுதியில்கூட ஒரு நாள். நேற்று உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. எனக்கும் அந்த மூன்று நாள் வியாபாரம் ஆனது, மறைக்க மாட்டேன். ஆனால் வியாபாரிகள் கேட்டார்கள் என்று திறந்தால் எண் எதற்கு? எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது அண்ணா, குறைந்தது இரண்டு மாதத்துக்காவது அதை மாற்றாமல் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாசில்தார் | 21 ஜூலை, மாலை 5:10

தம்பி ஈரோடு, இதை ஒரு மனுவாக எழுதுங்கள். நீளம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். மூடுவதற்கும் திறப்பதற்கும் எண், அது எத்தனை நாளைக்கு மாறாது, அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாள், கடை நேரத்தைச் சுருக்காமல் நீட்டுவது. நான்கையும் கேளுங்கள். மூன்றாவது அலை வந்தால் அப்போது பேச நேரம் இருக்காது, இப்போதே கொடுத்துவிட வேண்டும். வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

மெஸ்காரர், ஈரோடு | 26 ஜூலை, மதியம் 3:00

ஐயா எழுதித் தந்ததை எங்கள் தெருவில் 41 கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, இன்று ஆட்சியர் அலுவலகத்தில் வைத்திருக்கும் மனுப் பெட்டியில் போட்டுவிட்டோம். சிஸ்டர் சொன்ன ஆக்சிஜன் படுக்கைக் கணக்கை முதல் வரியிலேயே வைத்தோம். கோயம்பேடு அண்ணன் எழுதிய அந்தச் சனிக்கிழமையும் இருக்கிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.